மீன் லாரித் தண்ணீர்

ஆடி 12, ஞாயிறு

தம்பி முருகேசனை இன்று ஏன் பாராட்டினேன்? எனக்கே தெரியவில்லை. தொண்டியிலிருந்து அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். திருப்பாலைக்குடி வளைவில் மீன் லாரி ஒழுகவிட்ட தண்ணீரில் சக்கரம் வழுக்கியது. பிரேக்கைத் தொடாமல், வேகத்தோடே வண்டியை நிமிர்த்திவிட்டான்.

"எப்புடிக்கா? நீ காலேஜ்ல பாடந்தான் எடுப்ப. நான் ஓட்டியே காட்டுவேன்" என்று சிரித்தான்.

மெதுவாகப் போகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கெட்டிக்காரன்டா" என்று வந்தது. நாற்பத்திரண்டு வயதிலும் அந்தச் சொல்லுக்கு, பைக் கண்ணாடியில் அவன் முகம் மலர்ந்தது. வண்டி நிமிர்ந்தது பாதி அதிர்ஷ்டம். நாளை வேலைக்கும் அவன் அதே வழியில்தான் போவான். காலையில் போன் செய்து மெதுவாகப் போகச் சொல்ல வேண்டும்.

திங்கள்

தூங்கட்டும் என்று ஏழு மணிவரை போன் செய்யவில்லை. ஆறு மணிக்கே கிளம்பியிருக்கிறான். அதே வளைவில் விழுந்தான். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் என்னிடம் சொன்னான்: "நேத்து மாதிரியேதான்க்கா ஓட்டுனேன்."