இடப்பக்க இருக்கையில் அனல்

நேற்று பரணைச் சுத்தம் செய்தபோது என்னுடைய பழைய செருப்பு ஒன்று கிடைத்தது. இடதுகால் செருப்பு. சூட்டில் இளகி, விளிம்பு அப்பளம் மாதிரி வளைந்திருக்கிறது. உங்களிடம் காட்டி என்றைக்காவது ஒரு சண்டை போடலாம் என்றுதான் எடுத்து வைத்திருப்பேன். சண்டை போட ஆள் இல்லாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பெங்களூரில் ஒரு பெரியவரின் ஷெட்டில் கிடந்த அந்தச் சிவப்பு ஜெர்மன் காரை நீங்கள் ஓசூருக்குக் கொண்டுவந்த நாளில், எனக்கு ஒரு சக்களத்தி வந்துவிட்டாள் என்று தெரு முழுக்கச் சொன்னேன். இரண்டு பேர்தான் உட்காரலாம், என்ஜின் பின்னால், தண்ணீரே வேண்டாம், காற்றிலேயே குளிரும் என்று உங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. கம்பெனியில் அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமில் வாரம் ஆறு நாள் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு ஏழாவது நாளும் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தீர்கள். ஒருவழியாக அது ஓடத் தொடங்கியதும், "இனி ஞாயித்துக்கிழமைன்னா நீயும் நானும் மட்டுந்தான்" என்றீர்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் உங்கள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. எனக்கு வேண்டியிருந்ததும் அது ஒன்றுதான்.

கிருஷ்ணகிரி சாலையை நான்குவழியாக்கும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். சூளகிரி போய்ச் சேர்வதற்குள் என் கால் வெந்துவிடும்.

"ஏங்க, கால்ல அனல் அடிக்குதுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"அடுப்புக்குள்ள கால வெச்ச மாதிரி இருக்குதுங்க."

"வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லிரு. காரு மேல பழியப் போடாத."

மூன்று ஞாயிறு இதே பேச்சு. நான்காவது ஞாயிறு நீங்கள் தனியாகக் கிளம்பிப் போனீர்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே வந்து அழுதேன், அது உங்களுக்குத் தெரியாது. நான் உங்களோடு வர விரும்பவில்லை என்று நீங்கள் நினைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் சாவியை நான் எடுத்துக்கொண்டேன். கல்லாவியில் அப்பாவின் டிராக்டரை ஓட்டிப் பழகிய கை எனக்கு. "நீங்க அந்தப் பக்கம் உட்காருங்க" என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தீர்கள். பாதி தூரத்தில் சிரிப்பு நின்றது. காலைத் தூக்கிச் சப்பணம் போட்டுக்கொண்டீர்கள். கடைசியில், "நிறுத்து புள்ள, நிறுத்து!" என்று கத்தினீர்கள். ஓரமாக நிறுத்தியதும் இறங்கிச் சாலையோரம் குதித்தீர்கள். பிறகு என் பக்கம் வந்து, குனிந்து, சிவந்து தோல் உரிந்திருந்த என் பாதத்தைப் பார்த்தீர்கள். "இத்தன வாரமா இதுலயா உக்காந்து வந்த?" என்றீர்கள். மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை நீங்கள். வீடு வரும்வரை அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்து வந்தீர்கள்.

குளிர்காலத்துக்காக, புகைக்குழாயின் சூட்டை உள்ளே கொண்டுவர இரண்டு பக்கமும் தனித்தனிக் குழாய் இருந்தது. சூடு வேண்டாதபோது தடுக்க ஆளுக்கொரு தகர மூடி. என் பக்கத்து மூடி துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டது. உங்கள் பக்கத்து மூடிக்கு ஒரு குறையும் இல்லை. டூல் ரூமில் நீங்களே புது மூடி ஒன்று செய்தீர்கள். முடிகூட நுழையாது என்று என்னையே ஒரு முடியைப் பிடுங்கி நுழைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். மார்கழிப் பனியில் சூட்டைத் திறந்துவிட்டுக் கிளம்பினோம். பாதி வழியில் மூட நினைத்தால் மூடியைத் திருப்பும் நெம்புகோல் அசையவே இல்லை.

நான் கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஆலையில் நீராவிக் குழாய்களோடு நான்கு சீசன் வேலை பார்த்தவள். "சூடானா இரும்பு பெருக்கும்ல? கொஞ்சம் இடம் விடுங்க" என்றேன். முடித்த வேலையில் அரம் வைப்பது கை தெரியாதவன் செய்வது என்று முறுக்கிக்கொண்டீர்கள். ஆனாலும் மறுநாள் சாயங்காலம் அரத்தோடு உட்கார்ந்து, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, ஓரத்தைத் தேய்த்தீர்கள். அதன்பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்!

என் இருக்கையில் உட்கார்ந்து வந்த அந்த நாளிலிருந்து உங்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. நம் மகள் தன் மேசை ஆடுகிறது என்றால், அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவீர்கள். எனக்குத் தலைவலி என்றால் நெற்றியில் கை வைக்காமல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டீர்கள்.

மாதம் ஒருமுறை நான்தான் இப்போது காரை எடுத்து ஓட்டுகிறேன். சூடெல்லாம் இல்லை. பக்கத்து இருக்கைதான் காலியாக இருக்கிறது. நீங்கள் வேண்டும் எனக்கு, வேறென்ன சொல்ல?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி மத்தியானம், "காலெல்லாம் சில்லுனு இருக்கு புள்ள" என்றீர்கள். வெளியே சித்திரை வெயில், அறையில் மின்விசிறிகூட மெதுவாகத்தான் சுற்றியது. "எனக்கு ஒண்ணும் தெரியலைங்களே" என்று சொல்லிவிட்டு நான் மாத்திரைச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மறுபடி சொல்லவில்லை. எழுந்து போய் உங்கள் காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை.