கிழவிக்கு ஒரு மாப்பிள்ளை

பிப்ரவரி 9

லாடக்காரம்மாவுக்கு,

வணக்கம். நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. ஆனால் உங்கள் வீட்டில் எல்லோரும் நலம் என்பதைச் சந்தையில் பார்க்கிறவர்கள் வேலை மெனக்கெட்டு வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனவே விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டுக்காரருக்கு (முன்பு என் வீட்டுக்காரர்) எழுதினேன். பதில் இல்லை. நாங்கள் பிரிந்தபோது நாட்டுக்குதிரைகளைப் பங்கு போட்டுக்கொண்டோம்: பெட்டைகள் எனக்கு, பொலிகுதிரை துரை அவருக்கு. பெட்டைகளில் மூத்தவள் கிழவி. மரபணு ஆய்வகத்து மருத்துவர் வந்து எல்லாக் குதிரைகளின் பிடரிமயிரையும் வேரோடு பிடுங்கிக்கொண்டு போனார். கிழவியின் தாய்வழி இந்த இனத்தில் வேறு எந்தக் குதிரைக்கும் இல்லையாம். அவள் இதுவரை போட்டதெல்லாம் ஆண்குட்டிகள். அவற்றால் அந்த வழி தொடராது. ஒரு பெண்குட்டி பிறக்காவிட்டால் அது அவளோடு முடிந்துவிடும். அவளும் இன்னும் ஓரிரு பருவம்தான் தாங்குவாள்.

சுற்றுவட்டாரத்துப் பொலிகுதிரைகள் எல்லாம் அவளுக்கு மகன், பேரன், தம்பி மகன். துரை ஒருவன்தான் சொந்தம் இல்லாதவன். "பழைய வீட்டுலதான் போய் மாப்பிள்ளை கேக்கணும்மா" என்று மருத்துவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துரையைக் கொஞ்ச நாளைக்கு அனுப்ப முடியுமா?

இப்படிக்கு,
கிழவியின் சொந்தக்காரி

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

வணக்கம். நான் இந்த வீட்டுக்கு லாடம் அடிக்க வந்தபோது நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. சந்தைக்காரர்கள் இதையும் சொன்னார்களா?

உங்கள் கடிதம் கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கிறது. நான் வெளியே போகும்போதெல்லாம் அவர் எடுத்துப் படிக்கிறார். மடிப்பு ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி இருக்கிறது. பதில் எழுத மட்டும் கை வரவில்லை போல.

செல்லத்தை (துரையை நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன், திரும்பிப் பார்க்கிறான்) அனுப்புவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவன் போனால் கூடவே இவரும் கிளம்புவார். உறைவிந்தாக ஒரு குடுவையில் அனுப்பிவிடலாமே? யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

அன்புடன்,
லாடக்காரி

மார்ச் 1

லாடக்காரம்மாவுக்கு,

அக்கா வேண்டாம். நமக்குள் பொதுவாக இருப்பது ஓர் ஆளும் ஒரு குதிரையும். அதற்கெல்லாம் உறவுமுறை கிடையாது.

கிழவி வயதில் உறைவிந்து பிடிப்பது அபூர்வம் என்கிறார் மருத்துவர். குதிரைதான் வர வேண்டும். அவன் பெயர் துரை. நீங்கள் அவன்மேல் ஏறிச் சந்தை வரைக்கும் போகிறீர்களாமே. என்னை வேலியோரமாகப் பார்த்துத் தள்ளிவிட்டவன் அவன். இதைச் சொல்லியிருக்க வேண்டாம், எழுதிவிட்டேன்.

நான் கேட்டது குதிரையை மட்டும்தான். யார் ஓட்டி வந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

கிழவியின் சொந்தக்காரி

மே 3

அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். அங்கே வரக் கிளம்பிய அன்று அவர் சட்டையெல்லாம் தேய்த்து வைத்திருந்தார். நான்தான் வண்டியில் ஏறிக்கொண்டேன். இத்தனை நாள் தங்க இடம் கொடுத்ததற்கு நன்றி. கிழவி முதலில் இரண்டு உதை விட்டதும், பிறகு தானாகவே அவன் பக்கத்தில் போய் நின்றதும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

வந்ததும் அவர், "எப்படி இருந்துச்சு?" என்றார்.

"நல்லா தின்னான்."

"குதிரையக் கேக்கல. அங்க எப்படி இருந்துச்சு?"

"அங்கன்னா?"

அவர் வாளியை எடுத்துக்கொண்டு செல்லத்துக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கொட்டகைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆண்பிள்ளை மழைச்சட்டை தொங்குகிறதே, அது எதற்கு?

லாடக்காரி

மே 18

லாடக்காரம்மாவுக்கு,

மழைக்கு.

மருத்துவர் ஸ்கேன் செய்து பார்த்தார். கிழவி சினை. உங்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கிழவியின் சொந்தக்காரி

மறு வருடம், மார்ச் 27

அக்காவுக்கு,

பெண்குட்டி என்று கேட்டதும் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு ஒரு சத்தம் போட்டேன். நான் லாடம் அடித்துக்கொண்டிருந்த குதிரை மிரண்டு போயிற்று.

ஆய்வகத்திலிருந்து எங்களுக்கும் எழுதியிருக்கிறார்கள். தாயும் மகளும் ஒரே கொட்டகையில் இருந்தால் ஒரு நோயில் இரண்டும் போய்விடும், பால் மறந்ததும் குட்டி எங்களிடம் வளரட்டும் என்று. அன்றைக்கே அவர் கொட்டகையைக் கழுவ ஆரம்பித்துவிட்டார், விசில் அடித்துக்கொண்டு. அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நீங்கள் அனுப்ப மாட்டேன் என்று எழுதினால் எனக்கு நிம்மதி. குட்டியை நினைத்தால் அப்படி எழுதிவிடக் கூடாதே என்றும் இருக்கிறது. உங்கள் இஷ்டம்.

லாடக்காரி

அக்டோபர் 6

லாடக்காரிக்கு,

பதில் எழுத இத்தனை மாதம் ஆகிவிட்டது. அனுப்புவதில்லை என்றுதான் இருந்தேன். அவரும் உன்னிடம், துரையும் உன்னிடம், இவளுமா என்று வயிறு எரிந்தது. மருத்துவர் நேரில் வந்து கேட்டபோதுகூட வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினேன். போன வாரம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கொட்டகையில் காய்ச்சல் புகுந்து, இருந்த குதிரைகள் அத்தனையும் போய்விட்டன. இங்கே இதுவரை ஒன்றும் இல்லை. ஆய்வகத்தில் இரண்டு முறை ரத்தம் பார்த்து, குட்டி சுத்தம் என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நாளை காலை வண்டி வருகிறது. வந்த பிறகும் சில நாள் அவளைத் தனியாகவே கட்டு. காதைத் தொட்டால் கடிப்பாள். தண்ணீர் வாளியைக் கவிழ்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல் நிற்பாள். ஏமாந்துவிடாதே. இன்னும் பெயர் வைக்கவில்லை. உனக்குப் பிடித்ததை வை. செல்லம் என்று வைத்தாலும் சரி.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளை அவர் பழக்க வேண்டாம், நீயே பழக்கு. அவர் கையில் பழகினது அப்புறம் வேறு யாரிடமும் ஒட்டாது. நாங்கள் வந்து இத்தனை வருடம் ஆகியும், பொழுது சாய்ந்தால் வண்டிப் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

கிழவியைத்தான் சொல்கிறேன்.