பெட்டியில் போட்ட பட்டை

ஆம்பூர், ஐப்பசி வியாழன், 1932.

எங்கள் கிழமுயல் நாலு நாளாய்ச் சரியாய்த் தின்னவில்லை. புழுக்கை மிளகளவு சிறுத்துக் கல்லாய்க் கிடக்கிறது. எட்டு வருஷமாய், வெளிக்குப் போக வைத்த பெட்டிக்குள்ளேயே போனது, இப்போது கதவு மூலையில் போகிறது. வயசாகிவிட்டது என்கிறாள் என் மனைவி. நான் நம்பவில்லை. எங்களோடு தங்கியிருக்கும் அவள் தம்பி மேல்தான் எனக்குச் சந்தேகம். சாயங்காலம் கேட்டே விட்டேன்.

"நான் இன்னா குடுத்தேன் மாமா? நீங்க தோல் ஷாப்புலேருந்து கொண்டாந்து பெட்டியில போட்ட ஆவாரம்பட்டையத்தான் அது நாலு நாளா கொறிக்குது."

எப்போதும் நாங்கள் தோல் பதனிடும் தொட்டியில் தோலோடு ஊறித் துவர்ப்புப் போன பட்டையைத்தான் போடுவேன். கிழத்துக்குச் சுத்தமாய் இருக்கட்டுமென்று இந்த முறை புதுசு போட்டேன். மாட்டுத் தோலையே இறுக்குகிற பட்டை, முயல் குடலை விடுமா?

பெட்டியைக் கொட்டிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். ஆனால் நாலு நாளாய்ப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஏன் வாயே திறக்கவில்லை?