முப்பது கழியுமுன் ஒரு பாடம்

18-6-74, செவ்வாய்

கச்சான் காற்று, மேற்கிலிருந்து. பெருக்கப் பெருக்க மணல். தோணி ஓடாத காலம், அப்பா வீட்டில்.

அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வாரம். துட்டி வீடு என்று தெரு இன்னமும் முறை வைத்துச் சோறு கொண்டுவருகிறது. இன்று கோடி வீட்டிலிருந்து. சோறு, சாளை மீன் குழம்பு. சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

கன்னியர் பள்ளியிலிருந்து ஆள் வந்தது. இங்கிலீஷ் டீச்சர் வேலை. வியாழக்கிழமை ஏழாம் வகுப்பில் மாதிரிப் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். வராவிட்டால் நாசரேத்துப் பெண் ஒருத்தி தயாராக இருக்கிறாளாம். பாடம்: எந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பின் எந்தப் பிரிப்பொசிஷன்.

அத்தை: "முப்பதாம் நாள் பூச கழியாம பொம்பளப் பிள்ள வாசலத் தாண்டுததா? நல்லாருக்குளா!"

அப்பா கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

19, புதன்

ரீசன் ஃபார். காஸ் ஆஃப். ஆன்சர் டு. இன்ட்ரஸ்ட் இன். அட்டாக் ஆன்.

நமக்கு ஒரு 'க்கு' இருந்தால் பாதி வேலை முடியும். கேள்விக்குப் பதில், காய்ச்சலுக்கு மருந்து. அவர்களுக்கு ஒவ்வொன்றின் பின்னாலும் ஒன்று. ஏன் என்று புத்தகத்தில் இல்லை. மனப்பாடம்தான்.

ரீசன், காஸ் இரண்டுமே நமக்குக் காரணம். துக்கம் கேட்க வருகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். "காய்ச்சல்" என்கிறார் அப்பா. அதோடு நிறுத்திக்கொள்கிறார்.

வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எனக்கே கேட்கவில்லை.

அடுக்களையில் அத்தை யாரிடமோ: "பெத்தவளுக்கு ஒரு பொட்டுக் கண்ணீர் விடலியே. பி.ஏ. படிச்சவளுக்கு அழுகையும் இங்கிலீஷ்லதான் வரும்போல."

சிரிப்பு வரப் பார்த்தது. அதுவும் வரவில்லை.

மாலை: என் செருப்பு வாசலில். அறுந்த வாரை அப்பா தோணிப் பாய் தைக்கிற நூலால் தைத்து வைத்திருக்கிறார். போகலாம் என்று அர்த்தம்.

20, வியாழன்

கறுப்புச் சேலையிலேயே போனேன். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தலைமை சிஸ்டர் கடைசி பெஞ்சில். முன்னால் பாதிப் பேர் எங்கள் தெருப் பிள்ளைகள். பலகையில் ஐந்து சொல் எழுதிவிட்டுத் திரும்பினேன். குரல் இல்லை. நின்றேன்.

கோடி வீட்டு ஜெசிந்தா எழுந்தாள். அவள் வாய் திறந்தே நான் பார்த்ததில்லை.

"டீச்சர், நான் சொல்லுதேன். ஆன்சர் டு."

அடுத்து ஒருத்தி. பிறகு கை, கை, கை. நான் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில். தெரியாதவளும் தூக்கினாள்.

"த கேட் ஹேஸ் இன்ட்ரஸ்ட் இன் சாளை, டீச்சர்!"

வகுப்பே சிரித்தது. வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த மாதிரி ஒவ்வொருத்தியாகக் கொண்டுவந்தார்கள். சொன்னதையெல்லாம் பலகையில் எழுதினேன். கைகள் ஓய்ந்ததும் ஜெசிந்தா மறுபடி எழுந்து, "ரீசன் ஆஃப்" என்றாள். தப்பு. அதையும் எழுதினேன்.

மணி அடித்தது. பிள்ளைகள் போனார்கள். சிஸ்டர் பலகைக்கு முன்னால் வந்து நின்றார்.

"கடைசி வரி தப்பு. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன் சிஸ்டர்."

"ஏன் திருத்தல?"

அவர் என் சேலையைப் பார்த்தார். டஸ்டரை எடுத்துப் பலகை முழுவதும் அழித்தார், அந்த ஒரு வரியை விட்டுவிட்டு.

"திங்கட்கிழமை வந்து நீங்களே திருத்துங்க."

21, வெள்ளி

காற்று கொஞ்சம் அடங்கல். திங்களுக்கு: கறுப்பு ரவிக்கை துவைக்க. குடைக்கம்பி சரிபார்க்க.

அத்தை காலையிலேயே ஆரம்பித்தாள். அப்பா: "ஏளா, டீச்சர் வீட்டுல சத்தம் போடாத." இத்தனை நாளில் அவர் சேர்ந்தாற்போல் பேசியது இதுதான்.

பள்ளி மத்தியான மணி அடித்ததும் ஜெசிந்தா, குழம்புக் கிண்ணத்தோடு.

"டீச்சர், நேத்து நான் கடேசியாச் சொன்னது தப்புதான?"

"தப்புதான்."

"தெரியும். நீங்க அப்பவும் பேசாம நின்னிய. என்னத்தையாவது சொல்லணும்னு சொன்னேன்."

ஓடிவிட்டாள். கிண்ணத்தோடு வாசற்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

குழம்பில் உப்புக் கூடுதல்.