நம்ம கம்பெனியும் அந்தக் கம்பெனியும்

ஜூன் 9, திங்கள்

நேற்று கஸ்தூரி அக்கா மகள் கல்யாணம். தாலி கட்டும்போது நான் எடுத்த படம் ஏழும் மங்கல். என் வீட்டுக்காரர் புகழேந்திதான் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துச் சொன்னார்: "இன்னா மதி, பொண்ணு கழுத்தே தெரியல. பின்னாடி நிக்கிற நாதஸ்வரக்காரரு மட்டும் பளிச்சுனு இருக்காரு."

தானாக ஃபோகஸ் ஆகட்டும் என்று விட்டால், அட்சதை பறக்கும்போது என் கேமரா அரிசியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அந்த நிமிடம் மட்டும் எப்போதும் கையால்தான் ஃபோகஸ் திருப்புவேன். பதினாலு வருடமாகத் தப்பாத கை இது.

அக்காவிடம் போனில் சொல்லிவிட்டேன், "கேமரா காலை வாரிடுச்சுக்கா" என்று. பாவம், அவர் முதலில் கேட்டதே தாலிப் படத்தைத்தான்.

ஜூன் 12

வேறு கேமரா வாங்கியே ஆக வேண்டும். ஆவணி முகூர்த்தத்தில் இன்னொன்று கெட்டால் வேங்கிக்கால் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எனக்கு வேறு என்ன தெரியும்?

என்னிடம் இருப்பது நம்ம கம்பெனி கேமரா; அதற்குப் போட்டியான அந்தக் கம்பெனி வருடத்துக்கு ஒரு மாடல் விடுகிறது. எத்தனை கூட்டமானாலும் அந்தக் கேமரா மணப்பெண்ணின் கண்ணைத் தேடிப் பிடித்து விடவே விடாதாம். நம்ம கம்பெனி நாலு வருடத்துக்கு ஒருமுறை சோம்பல் முறிக்கும். ஆனால் என் மூன்று லென்ஸும் நம்ம கம்பெனி. மாறினால் மூன்றும் வீண். அதோடு அவர்கள் ஓடுகிற ஓட்டத்துக்கு, இன்று வாங்குவது அடுத்த கார்த்திகை தீபத்துக்குள் பழசு.

புகழேந்தி கலெக்டர் ஆபீஸ் ஆள், எதையும் ஊறப்போடுவார். "நம்ம கம்பெனியிலயே புதுசு வருதாம், ரெண்டு மாசம் பொறு" என்கிறார். இதையேதான் போன வருடமும் சொன்னார்.

ஜூன் 20

நம்ம கம்பெனியின் புது மாடல் மறுபடியும் தள்ளிப்போகிறதாம். நல்லா இருங்கடா.

ஜூலை 4, வெள்ளி

வேலூர் கேமரா கடை. அந்தக் கம்பெனி கேமராவைக் கையில் கொடுத்தார்கள். கடையில் வேலை செய்யும் கவியா எதிரில் நின்றாள். ஃபோகஸ் எங்கே என்று காட்டும் பச்சைக் கட்டம் அவள் கண்ணில் போய் உட்கார்ந்தது. எடுத்தேன்.

"மங்கலாத்தானேம்மா இருக்குது?" என்றேன்.

பெரிய திரையில் போட்டுக் காட்டினாள். "அக்கா, கண்ணிமைய எண்ணலாம் பாருங்க."

எனக்கு அங்கே புகை மூட்டம் மாதிரிதான் தெரிந்தது. பையிலிருந்து என் பழையதை எடுத்து, அதைத் தானாக ஃபோகஸ் செய்யவிட்டு எடுத்தேன். "இதுவும் நல்லாத்தான் இருக்குக்கா" என்றாள். அதுவும் எனக்குப் புகை. நம்ம கம்பெனியும் மங்கல், அந்தக் கம்பெனியும் மங்கல்!

மெதுவாகக் கேட்டாள், "கண்ணு டாக்டர எப்பக்கா பாத்தீங்க?"

லைட் சரியில்லை என்று ஏதோ உளறிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் போளூர் வரைக்கும் அழுகை.

ஜூலை 8

இரண்டு கண்ணிலும் புரை. நாற்பத்தெட்டு வயதிலா! "சர்க்கரை இருந்தா சீக்கிரமே வரும்மா. ரெண்டு வருஷமாவே இருந்திருக்குமே, தெரியலையா?" என்றார் டாக்டர்.

தெரியாமல் என்ன — பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதை விளக்கெல்லாம் பூசணிப்பூ மாதிரி விரிந்தபோதே தெரியும். நான் லென்ஸைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனிக்காரன் மெதுவாகப் போகிறான் என்று திட்டினேனே, நான் மட்டும் என்ன வேகம்? படம் எடுக்கிறவளுக்குக் கண் போச்சு என்று வெளியே தெரிந்தால் யார் கூப்பிடுவார்கள்? பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஜூலை 22

ஆடியில் கல்யாணம் இல்லை. வலது கண் ஆபரேஷன் முடிந்தது. இடது அடுத்த வாரம்.

ஆகஸ்ட் 14

இடது கண்ணும் சரியாகிவிட்டது. மலையில் பாறை தனித்தனியாகத் தெரிகிறது. புகழேந்தி தலையில் இவ்வளவு நரையா!

ஜூன் மாதத்துப் படங்களைத் திறந்து பார்த்தேன். என் கண்ணுக்கு மட்டும்தான் மங்கலாகத் தெரிந்ததோ என்று ஒரு நப்பாசைதான். ஏழும் நிஜமாகவே மங்கல்; புரை விழுந்த கண்ணை நம்பித்தானே ஃபோகஸ் திருப்பினேன்.

வேலூர் போய் அந்தக் கம்பெனியின் போன வருட மாடலை வாங்கினேன். எனக்கு வேண்டியது அட்சதைக்கு நடுவில் கண்ணைப் பிடிப்பது ஒன்றுதான். அது இதிலேயே இருக்கிறது. அவர்கள் ஓடட்டும், நான் பின்னால் ஓட வேண்டியதில்லை. பழைய லென்ஸ் மூன்றையும் துணி சுற்றி பீரோவில் வைத்தேன். மனசு கேட்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

அடி அண்ணாமலைக்குப் போய் கஸ்தூரி அக்காவிடம் சொல்லிவிட்டேன். "கேமரா மேல தப்பில்லக்கா. என் கண்ணுதான். பொய் சொல்லிட்டேன்."

"ரெண்டு மாசமா அந்தக் கேமராவ எப்டில்லாம் திட்டினேன் தெரியுமா?" என்றார். முகம் சிவந்துவிட்டது. எழுந்து உள்ளே போனார். வாசலில் நின்றிருந்தேன், கிளம்பலாமா வேண்டாமா என்று தெரியாமல்.

காபியோடு வந்தார். "சக்கரை போடல. எம் பொண்ணு முழுகாம இருக்கா. தை மாசம் வளைகாப்பு வரும். இப்ப கண்ணு நல்லா தெரியுதுல்ல?"

"தெரியுதுக்கா."

"அப்ப நீயே வா."

ஆகஸ்ட் 28, வியாழன்

ஆவணியில் முதல் கல்யாணம். அட்சதை பறந்தது. பச்சைக் கட்டம் பெண்ணின் கண்ணை விட்டு நகரவில்லை. விரல் அது பாட்டுக்கு அழுத்திக்கொண்டிருக்க, கேமராவுக்கு மேலாகத் தலையைத் தூக்கி, மூன்று முடிச்சையும் என் கண்ணாலேயே பார்த்தேன்.