இரண்டாவது கையெழுத்து

அண்ணாவுக்கு,

அரசியலமைப்புத் திருத்தம் இன்று நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. அவைக்குறிப்பில் அதைத் தட்டச்சு செய்தவள் நான்தான். "உங்க அண்ணன் கையைத் தூக்கியிருந்தா கதையே வேறம்மா," என்றார் தலைமை எழுத்தர். நீ என் மேசையைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து போனாய்.

உன் வாக்கைப் பற்றிக் கேட்க இதை எழுதவில்லை.

சிறுவயதில் சமையலறைக் கதவில் நாம் ஒட்டிய சட்டம் இன்னும் இருக்கிறது: 'சண்டையைத் தொடங்கியவர்தான் முதலில் பேச வேண்டும். இதை மாற்ற இருவரும் கையெழுத்திட வேண்டும்.' தொடங்கியது நீ என்று நானும், நான் என்று நீயும் நான்கு வருடம் காத்திருந்துவிட்டோம். இந்த வீட்டில் என் குரலே எனக்கு மறந்துவிட்டது.

ஒரு திருத்தம் கொண்டுவருகிறேன்: 'யார் வேண்டுமானாலும் முதலில் பேசலாம்.'

கீழே உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

தங்கை (ஒப்பம்)

அண்ணன் .....................