கோடு இல்லாத பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

ஆபீஸ் போகும்வரை என் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த சின்னவளுக்கு வாய் ஓயவில்லை. கொழுந்தன் பெண்டாட்டி ஆயிற்றே என்று இந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

இன்று என் படத்தை முதலாளிக்குக் காட்டினார்கள். சுவர் முழுக்கத் திரை. வாடிக்கையாளர்களுக்காக நாங்கள் கிளவுடில் ஓட்டும் ஒவ்வொரு சேவையும் ஒரு பெட்டி. ஒன்றோடு ஒன்று பேசினால் நடுவில் கோடு. நன்றாக ஓடினால் பச்சை, திணறினால் மஞ்சள், படுத்துவிட்டால் சிவப்பு. எங்கே வலித்தால் எங்கே அழும் என்று பார்த்ததும் தெரியும். கண் எரிய எரிய நான் போட்டது. எழுந்து நின்று பேசியது யார்? சின்னவள்! "நாங்க போட்ட மேப் சார்" என்றாள். நாங்களாம்! ஓரத்துப் பெட்டிக்கு நீல நிறம் கொடுக்கலாமா என்று கேட்டதைத் தவிர என்னடி செய்தாய் நீ?

மேலாளர் வழக்கம்போலத் தலையை ஆட்டினார். தலையாட்டி என்று அவருக்குச் சும்மாவா பெயர் வைத்தேன்.

மார்ச் 5, வியாழன்

கண்காணிப்புக் குழுவுக்குத் தலைமைப் பதவி வருகிறது. ஒரே நாற்காலி. நானும் கேட்டிருக்கிறேன், அவளும் கேட்டிருக்கிறாள்.

வீட்டில் சொன்னேன். அத்தை சோற்றைப் பிசைந்தபடியே, "யாருக்கு வந்தா என்ன, ரெண்டும் இந்த வீட்டுக்குத்தானே" என்றார். இவரோ ஒரு படி மேலே. "சின்னப் பொண்ணு, ஆசைப்படுது. விட்டுக்குடேன்." கல்யாணமான நாளிலிருந்து விட்டுக்கொடுத்தே வயிறு நிறைந்துபோச்சு எனக்கு. இந்த நாற்காலியை மட்டும் விடமாட்டேன். விடவே மாட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

அவளோடு பேசவில்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை. வண்டியில் வரும்போது பாட்டுப் பாடினாள், கடங்காரி.

மார்ச் 9, திங்கள்

செலவைக் குறைக்க முதலாளி உத்தரவு. தேவையில்லாத சேவைகளை எடுத்துவிட வேண்டுமாம். அந்தப் பொறுப்பைத் தலையாட்டி சின்னவளிடம் கொடுத்திருக்கிறார். கொடுப்பார்.

கூட்டத்தில் திரையைக் காட்டி என்னிடம் கேட்டாள். "அக்கா, இந்த மூலையில இருக்கே, இதுக்குக் கோடே இல்ல. எடுத்துடலாமா?"

பார்த்தேன். எனக்கு அது என்னவென்று தெரியும். ரத்தப் பரிசோதனைக் கூடங்களின் முடிவுகளை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் சேவைக்கு அதுதான் மாற்று. அசல் விழுந்தால் அந்த நொடியே இது எழுந்து வேலையைப் பிடித்துக்கொள்ளும். அசல் விழும்வரை யாரோடும் பேசாது. என் படத்தில் கோடுகளை நான் கையால் இழுப்பதில்லை. சேவைகள் பேசுவதைக் கேட்டு நிரலே இழுத்துக்கொள்ளும். சும்மா காத்துக்கொண்டிருப்பதற்குக் கோடு வராது. வேலையை விட்டுப் போன பொறியாளர் ஒருவர் ஒருநாள் டீ குடிக்கையில் இதைச் சொன்னார். இப்போது இங்கே தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சொல்ல வாயெடுத்தேன். அவள் என் நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஏற்கெனவே அவளுடையது மாதிரி.

"மேப்ல கோடு இல்லைன்னா பாத்துக்க. உன் இஷ்டம்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். எல்லாரும் பார்த்தார்கள். அவளும் என்னைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள்.

மார்ச் 10, செவ்வாய்

எடுத்துவிட்டாள். மூலை காலியாக, துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. செலவு குறைந்தது என்று அவளுக்குக் கைதட்டல். நானும் தட்டினேன், பலமாக.

மார்ச் 13, வெள்ளி

அசல் எப்போது விழும்? தினமும் அந்தப் பச்சைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இது என்ன புத்தி எனக்கு?

ஆனாலும் பார்க்கிறேன்.

மார்ச் 18, புதன்

விழுந்தது.

காலையில் மஞ்சள், காபி வாங்கி வருவதற்குள் சிவப்பு. அதிலிருந்து கிளம்பும் கோடுகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சிவந்தன. பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. போன்கள் அலறின. நான் எடுத்த போனில் ஆஸ்பத்திரி கவுண்ட்டரில் இருக்கும் பெண் அழுதேவிட்டாள். "ரிசல்ட் வரலைங்க. ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் கொண்டுபோன பெரியவரைத் திருப்பி வார்டுக்குக் கொண்டு வந்துட்டாங்க. அவர் பொண்ணு என்னைப் பிடிச்சுக் கத்துது. நான் என்னங்க பண்ணுவேன்?"

"பாத்துட்டிருக்கோம்மா" என்றேன். எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. பாவம்தான். தெரியும். ஆனாலும் இருந்தது. இன்றோடு சின்னவள் தொலைந்தாள் என்றுதான் நினைத்தேனே தவிர அந்தப் பெரியவரை நினைக்கவில்லை.

சாயங்காலம்தான் சரியானது.

மார்ச் 19, வியாழன்

தலையாட்டியின் அறை. நான், அவள், கதவு சாத்தியிருந்தது.

"நீ ஏம்மா எடுத்த?" என்று அவளைக் கேட்டார்.

"அக்காகிட்ட எல்லார் முன்னாடியும் கேட்டுட்டுத்தான் சார் எடுத்தேன். மேப் போட்டவங்களே அவங்கதானே."

அன்றைக்கு 'நாங்க' போட்ட மேப். இன்றைக்கு நான் மட்டும் போட்டது!

அவர் என் பக்கம் திரும்பினார். அவர் தலை ஆடாமல் நின்றதை இன்றுதான் பார்க்கிறேன். "அது மாற்றுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

தெரியும் என்றால் வேண்டுமென்றே கெடுத்தவள். தெரியாது என்றால் தான் போட்ட படத்தையே படிக்கத் தெரியாத மக்கு. எதைச் சொன்னாலும் போச்சு.

"தெரியாது சார்."

"பாவம் சார், அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க. வயசாகுதுல்ல, எல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்றாள் சின்னவள்.

எனக்கும் அவளுக்கும் மூன்றே வயசு வித்தியாசம்!

மார்ச் 20, வெள்ளி

அடுப்படியில் தனியாக மாட்டினாள். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நேராகவே கேட்டேன், "ஏண்டி இப்படிப் பண்ணின?"

திரும்பக்கூட இல்லை. "பிரிண்டரை அணைக்கறதுக்கே நாலு கேள்வி கேக்கிற ஆளு நீங்க. அன்னிக்கு 'உன் இஷ்டம்'னீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சுக்கா. ஏதோ குழி வெட்டிட்டீங்கன்னு."

"தெரிஞ்சும் ஏன் எடுத்த?"

"நீங்க தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

குழாயை மூடிவிட்டு, கையை என் துண்டிலேயே துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பெரியவர் எங்கள் இரண்டு பேர் கைக்கும் நடுவில் கிடந்திருக்கிறார். அவளுக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

நாற்காலி அவளுக்குக் கிடைத்துவிட்டது. அத்தை பாயசம் வைத்தார். இரண்டு தம்ளர் குடித்தேன். குடிக்காமல் இருந்தால் பொறாமை என்பார்கள்.

ஏப்ரல் 6, திங்கள்

தலைமைப் பதவி ஏற்றதும் அவள் போட்ட முதல் படம் ஆட்களின் படம். எந்தச் சேவை விழுந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று. ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குப் பெட்டி கோடு. என் படத்தின் அதே எழுத்து, அதே நிறங்கள்.

என் பெட்டி மூலையில் இருந்தது. சாம்பல் நிறம். கோடு இல்லை. என் வேலைகளை எல்லாம் போன வாரமே ஒவ்வொன்றாக மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தாள். உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடச்சி.

முதலாளி சிக்கனம் பற்றிப் பேசிவிட்டுப் போன பிறகு, தலையாட்டி திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "இந்த மூலையில இருக்கறது தேவையாம்மா?"

சின்னவள் என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். சொல்லுடி, ஒரு வார்த்தை சொல்லு என்று மனசுக்குள் கெஞ்சினேன். வெட்கமே இல்லாமல் கெஞ்சினேன்.

சிரித்தாள். "உங்க இஷ்டம் சார்."

ஏப்ரல் 7, செவ்வாய்

காலையில் சின்னவள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "அக்கா, இனிமே ஆபீஸ் போக உங்களுக்கு வண்டி தேவைப்படாதுல்ல?"

சாவியை எடுத்துக் கொடுத்தேன்.